பொம்மசந்திராவில் ஒரு திண்ணை

பொம்மசந்திரா என்று தமிழில் எழுதிப் பார்த்தால், இவ்வூருக்குச் சந்திரனோடு ஏதோ உறவு இருப்பதுபோலத் தோன்றும். நிலவு மற்ற ஊர்களில் காய்வதுபோலத்தான் இங்கும் காய்கிறது. சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் பெங்களூரைச் சுற்றிலும் பல உண்டு. அவற்றின் ஈற்றில் நிற்பது ‘சமுத்திரம்’ என்னும் சொல்லின் தேய்ந்த வடிவம் என்பர். ஏரியைச் சமுத்திரம் என்று பெருமையாக அழைப்பது அந்நாள் வழக்கம். அம்பாசமுத்திரத்தை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. ஆகவே இவ்வூர் நிலவின் ஊர் அன்று, நீரின் ஊர். வீட்டின் பின்புறத்தில் ஒரு மேடை கட்ட எண்ணியபோது, இந்தப் பெயர் ஆராய்ச்சி எனக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் கடந்தால் பொம்மசந்திரா வரும். இன்னும் சிறிது தூரம் சென்றால் சந்தாபுரா, அதற்கப்பால் அத்திப்பள்ளி, அதோடு கன்னட நாட்டின் எல்லை முடிகிறது. சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். மருந்து செய்யும் ஆலைகள், இயந்திரப் பட்டறைகள், இதய நோய்க்குப் பெயர்பெற்ற பெரிய மருத்துவமனை, இவற்றை நம்பி வாழும் சிறு கடைகள், விடுதிகள். காலையில் ஷிப்டு மாறும் நேரத்தில் தேநீர்க்கடை முன் நின்றால் கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். தருமபுரித் தமிழும் சேலத்துத் தமிழும் தவறாமல் கேட்கும். 2025 ஆகஸ்டு மாதத்தில் ஆர். வி. ரோட்டிலிருந்து இங்குவரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 19 கிலோமீட்டர் தூரம், 16 நிலையங்கள். அதற்கு முன் பஸ்ஸில் சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இப்போது மெஜஸ்டிக் வரை உட்கார்ந்துகொண்டே போகிறேன். அதாவது, இடம் கிடைக்கும் நாட்களில்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. என் தகப்பனார் தருமபுரி, பாலக்கோடு பக்கத்தில் இருப்புப்பாதையில் கீமேனாக இருந்தவர். தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக நாள்தோறும் பாதையைக் கால்நடையாகச் சோதித்து வந்தவர். அவர் பணியில் இருக்கும்போதே காலமானதால், பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவருடைய வேலையின் பேரில் ஒரு வேலை கிடைத்தது. பல ஆண்டு வாடகை வீடுகளில் இருந்த பிறகு, கடன் வாங்கி, பொம்மசந்திராவில் முப்பதுக்கு நாற்பது அளவுள்ள ‘சைட்’ ஒன்றில் சிறிய வீடு கட்டிக்கொண்டேன். 2024 ஆவணியில் என் தாயார் ஊரைவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். ஹீலலிகே நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கியவரின் கையில் ஒரு துணிமூட்டை மட்டுமே இருந்தது. அவருடைய கயிற்றுக் கட்டில் இரண்டு நாள் கழித்து, தக்காளி ஏற்றிவந்த வண்டியின் மேல் வந்தது.

வந்தவருக்கு வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் ஒரு வாரத்திற்குள் ஒன்றைக் கவனித்தேன். காலையிலும் மாலையிலும் அவர் வாசற்படிவரை வருவார், நிற்பார், திரும்பி உள்ளே போவார். ஊரில் எங்கள் ஓட்டு வீட்டிற்குத் திண்ணை உண்டு. நாற்பது ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்தவர். வருவோர் போவோரையெல்லாம் உறவு சொல்லி அழைத்தவர். இங்கே வாசலைத் திறந்தால் மூன்றடியில் தெரு, தெருவில் வண்டி. உட்கார இடம் இல்லை.

ஆதலால் பின்புறத்தில் ஒரு மேடை கட்டுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி நீளமும் எட்டரை அடி அகலமுமான வெற்றிடம் இருந்தது. கட்டட விதிப்படி விடவேண்டிய இடம் அது. அங்கே கூரையுள்ள அறை கட்டக் கூடாது. தரையோடு ஒட்டிய திறந்த மேடை என்றால் தடையில்லை என்று புரசபை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்டதை மேல்நாட்டார் ‘டெக்’ என்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டின் பின்கதவைத் திறந்தால் மரப்பலகை மேடை ஒன்று தோட்டத்தை நோக்கி நீண்டிருக்கும். ஜப்பானியர் வீடுகளில் அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே ‘எங்காவா’ என்னும் பலகைத் திண்ணை ஓடும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் திண்ணை முன்புறத்தில் இருக்கும். பெயர் வேறு, திசை வேறு. வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் மனிதன் உட்கார ஓர் இடம் எல்லா நாட்டிலும் வேண்டியிருக்கிறது.

என் முதல் திட்டம் மிக எளியது. பின்கதவுக்கு வெளியே மூன்று படிகள். மொத்தம் 24 அங்குல இறக்கம். தாயாருக்கு முழங்கால் வலி. ஆகவே வீட்டுத் தளத்தோடு சமமாக, 24 அங்குல உயரத்தில், பின்புறத்தின் நடுவில் ஒரு மேடை. மேலே தகரக் கூரை. மறைவுக்காகச் சுற்றுச்சுவரை இன்னும் இரண்டடி உயர்த்துவது. ஒரு தாளில் வரைந்து தாயாரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. “பின்னாலே திண்ணை கட்டினா யாருப்பா வந்து உட்காருவாங்க?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியை நான் அன்று பொருட்படுத்தவில்லை.

சுவரை உயர்த்த எண்ணியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை மறைப்பது முறையன்று. 2016 செப்டம்பரில் காவிரி நீர் பற்றிய கலவரம் எழுந்து, இந்நகரில் தமிழ்நாட்டு எண்ணுள்ள வண்டிகள் கொளுத்தப்பட்டபோது, நான் வாடகை வீட்டில் கதவை அடைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆயினும் அன்றுமுதல் உயரமான சுவர் என்றால் எனக்கு ஒரு விருப்பம்.

மேடைக்கு மரம் தேடியபோது, அலுவலக நண்பர் ஒருவர், “ரயில்வேயில் இருந்துகொண்டு மரத்துக்கு அலைவதா? பழைய ஸ்லீப்பர் கட்டை வாங்கிப் போடும்” என்றார். ஒன்பது அடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குலக் கனம். அகலப் பாதையில் ரயிலைத் தாங்கிய கட்டை, கிழவியைத் தாங்காதா? கான்கிரீட் கட்டைகள் வந்த பிறகு கழித்த மரக்கட்டைகள் ஏலத்தில் வாங்கினோரிடம் கிடைக்கின்றன. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அக்கட்டைகள் கறையானும் மழையும் தாக்காமல் இருக்க, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டு என்னும் எண்ணெயை உறிஞ்சியவை. வெயில் ஏறினால் அது கசியும். தோலில் பட்டால் எரியும். புற்றுநோய்க்கும் இடமுண்டு என்பதால் பல நாடுகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதைத் தடுத்திருக்கிறார்கள். என் தகப்பனார் கோடை மாதங்களில் வீடு திரும்பியதும் கைகால்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துக் கழுவுவார். அதற்குப் பிறகுதான் எங்களைத் தொடுவார். அந்த வாசனையைத் தாயார் மறந்திருக்கமாட்டார். கட்டை வேண்டாம் என்று விட்டேன்.

சாதாரணப் பலகையையும் எண்ணிப் பார்த்தேன். பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி விடவேண்டும். அடியில் காற்றுப் புகவேண்டும். ஆண்டுதோறும் எண்ணெய் பூசவேண்டும். இங்குள்ள செம்மண்ணில் கறையானுக்குப் பஞ்சமில்லை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை கறையானுக்கு அஞ்சாது. ஆனால் வெயிலில் காலை வைக்க முடியாது. மேலும், அமெரிக்காவில் மர மேடைகள் இடிந்து விழுவதற்கு முதற்காரணமாகச் சொல்லப்படுவது, மேடையை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் சட்டத்தைப் போல்ட்டு கொண்டு முடுக்காமல் ஆணியால் மட்டும் அறைந்துவிடுவதுதான். மேடை வீட்டைத் தொங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. தன் காலிலே தான் நிற்கவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அவ்வாண்டு ஐப்பசி மழை என் திட்டத்தில் முதல் கோட்டை அழித்தது. பெங்களூரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. ஓர் இரவு பெய்த மழையில், பின்புறத்தின் நடுவில், நான் மேடைக்கென்று குறித்த இடத்திலேயே, கணுக்கால் அளவு நீர் நின்றது. விடிந்தபின் பார்த்தால், தெற்கு மூலையிலிருந்து வந்த நீர் நடுவில் தங்கி, மெல்ல வடக்கே வழிந்துகொண்டிருந்தது. ஏரி இருக்கும் ஊரில் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் பெரிய பெரிய மாளிகைகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஏரிக்கு ஏரி நீர் கொண்டுசென்ற ராஜகாலுவேக்களை அடைத்ததே காரணம் என்று ஊரெல்லாம் பேசிற்று. முப்பது அடி நிலத்திலும் ஒரு சின்ன ராஜகாலுவே உண்டு. நான் அதன் நடுவில் மேடை போட இருந்தேன்.

தகப்பனாரின் பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது. பாதைக்கு எதிரி ரயிலின் பாரம் அன்று, தேங்கும் நீர்தான் என்பார் அவர். ரயில் நிலையத்தின் பிளாட்பாரம் பார்வைக்குச் சமமாக இருக்கும். ஆனால் அறுபதுக்கு ஒன்று என்ற கணக்கில் பாதைக்கு எதிர்ப்பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஏழடி அகல மேடைக்கு அதே கணக்கைப் போட்டால் ஒன்றரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவான வாட்டம். உட்காருபவருக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவசரத்தை விட்டேன். ஓராண்டு முழுவதும் கட்டாமல் பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஒரு குறிப்பேடு வாங்கினேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த வித்தை அதுதானே! சாக்கட்டியால் தரையில் நிழலின் ஓரத்தைக் குறிப்பதும், மழை பெய்தால் நீர் நின்ற இடத்தைக் குறிப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்புறத்து ஊர்களுக்கு அளவுநாடாவுடன் போய்வருவதும் வழக்கமாயின.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களைப் பற்றி ஒரு சொல். சந்தாபுரா, ஹுஸ்கூர், ஆனேக்கல் என்று எந்தத் திசையில் போனாலும், தொழிற்சாலைச் சுவர்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடையில் பழைய கிராமம் ஒன்று ஒளிந்திருக்கும். அதன் நடுவில் ஓர் அரசமரம். பக்கத்தில் ஒரு வேப்பமரம். இரண்டையும் சுற்றிக் கல்மேடை. மேடையில் மஞ்சள் பூசிய நாகர் சிலைகள். இதை இங்கே ‘கட்டே’ என்பார்கள். வீட்டு முன்னுள்ள திண்ணைக்கு ‘ஜகலி’ என்று பெயர். கட்டேயில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், நாடாவைப் பிடித்து அளக்கும் என்னைச் சர்வே அதிகாரி என்று எண்ணி முதலில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மேடை கட்டுவதற்காக என்றதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கல் வாங்கினால் ஓரம் உடையாமல் பார்த்து வாங்கு என்றார் ஒருவர். மண்ணைக் கொட்டி உடனே கல் பாவாதே, ஒரு மழைக்கால் போகட்டும் என்றார் மற்றொருவர். என் கன்னடம் கொச்சையானது. அவர்கள் அதைத் திருத்திக்கொண்டே பேசினார்கள். நான் அளந்த கட்டேகள் பெரும்பாலும் முழங்கால் உயரமே. இடுப்புயர மேடையில் ஏறி உட்கார்ந்தவன் இறங்க யோசிப்பான். நடந்துபோகிறவனோடு பேசவும் மாட்டான். முழங்கால் உயரத்தில் உட்கார்ந்தவன் எழுந்தும் போகலாம், வருகிறவனுக்கு இடமும் விடலாம்.

இப்பகுதியில் கருங்கல்லுக்குக் குறைவில்லை. வேலிக்கால் கல், கூரை கல், சாக்கடை மூடி கல், தெருவோரத்தில் உட்காரும் பலகையும் கல். ‘சப்படி’ என்று கேட்டால் இரண்டடி அகலப் பலகைக்கல் கிடைக்கும். கல்லுக்குள்ள குற்றம் சூடு. அதைச் சோதிக்க இரண்டு கல்துண்டுகளை வாங்கி, ஒன்றைப் பின்புறத்தின் நடுவிலும் மற்றொன்றை வடமேற்கு மூலையிலும் போட்டுவைத்தேன். அம்மூலையில் சுவருக்கு அப்பால் பின்வீட்டாரின் புங்கமரம் நிற்கிறது. பின்புறம் மேற்குப் பார்த்தது. மாலை வெயில் நேராக விழும். 2025 ஏப்ரல் 24 அன்று, நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமற் போயிற்று. பெங்களூரில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், இவ்வாறு நிகழும். அன்று மாலை ஐந்து மணிக்கு நடுவிலிருந்த கல்லில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. மூலையிலிருந்த கல் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். டிசம்பரில் மரத்தின் மாலை நிழல் வடகிழக்காகச் சாய்ந்து என் எல்லைக்கு வெளியே போயிருந்தது. கோடையில் தெற்கே திரும்பி, வேண்டிய காலத்தில் வேண்டிய இடத்தில் விழுந்தது. அயலார் மரம் நமக்குச் செய்யும் உபகாரம் இது.

தகரக் கூரையைக் கைவிட்டதும் அக்கோடையில்தான். 2025 மார்ச்சில் ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவுக்கு ஊர்ஊராக இழுத்துவந்த வானளாவிய தேர்கள் திடீர்க் காற்றில் சாய்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதற்கு முந்தின ஆண்டும் ஒரு தேர் சாய்ந்தது. மாங்காய்க் காலத்து மழைக்கு முன்வரும் இந்தக் காற்றை நான் அதுவரை எளிதாக எண்ணியிருந்தேன். நான்கு இரும்புக் கால்மேல் தகரம் ஏற்றினால் அது எந்த வீட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேரும் என்று யார் கண்டார்!

இவையெல்லாம் நான் எழுதிவைத்தவை. எழுதாமலே என் தாயார் வேறொரு திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கயிற்றுக் கட்டில் அந்த ஆண்டு முழுவதும் பின்புறத்தில்தான் கிடந்தது. காலையில் நான் அதை நடுவில் போட்டுவிட்டு அலுவலகம் போவேன்; மாலையில் வந்து பார்த்தால் வடமேற்கு மூலையில், புங்கமரத்து நிழலில், சுவரோரமாக இருக்கும். நிழலுக்காக நகர்த்துகிறார் என்று எண்ணிக் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதினேன். ஆனால் மேகம் மூடிய ஆடி மாதத்திலும், நிழலுக்கு அவசியமே இல்லாத நாட்களிலும், கட்டில் அங்கேதான் போயிற்று. ஒருநாள் விடுமுறையில் வீட்டில் இருந்தபோதுதான் காரணம் விளங்கிற்று.

பின்வீட்டு அம்மையாரின் துணி துவைக்கும் கல் சுவருக்கு அந்தப் பக்கத்தில், அதே மூலையில் இருக்கிறது. பத்து மணிக்கு அவர் அங்கே வருகிறார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக் குடும்பம். தமிழும் கொஞ்சம் பேசுவார். தாயாருக்குத் தருமபுரிச் சந்தையில் கற்ற கன்னடம் கொஞ்சம் உண்டு. ஐந்தடிச் சுவர், என் தாயாரோ நாலடி பத்தங்குலம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆயினும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருவரும் பேசுகிறார்கள். ராகிக் களி கிண்டும் பக்குவம், மருமகள், மூட்டுவலித் தைலம் எல்லாம் அதில் அடங்கும். சுவர்மேல் ஒரு கிண்ணம் வரும்; வேறு கிண்ணம் போகும். யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்டவர், தாமே விடை கண்டுபிடித்திருந்தார். என்னிடம் சொல்லத்தான் இல்லை.

இதை அறிந்தபிறகும் நான் ஒரு பிழை செய்தேன். இடத்தை மூலைக்கு மாற்றினேனேயன்றி உயரத்தை மாற்றவில்லை. தளத்தோடு சமமாக 24 அங்குலத்தில் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினேன். பார்வைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு மேசையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். சுவருக்கு அப்பால் முற்றம் முழுவதும் தெரிந்தது. துணி அலசிக்கொண்டிருந்த அவ்வீட்டுப் பெண் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, வாளியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உடனே இறங்கினேன். மறுநாள் காலையில், புங்கமரக் கிளையிலிருந்து சுவரோரமாக ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கிற்று. ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் சுவர்மேல் கிண்ணம் வரவில்லை. தாயார் கட்டிலை மூலைக்கு நகர்த்தவும் இல்லை. நான் போட்ட நடுவிடத்திலேயே, வெயில் வந்தபின் உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாலை, நானும் என் மனைவியும் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனோம். ஓராண்டுக்கு மேலாக அண்டை வீட்டார். அவர்கள் வாசற்படியை அன்றுதான் முதன்முதலில் மிதித்தேன். வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குறிப்பேட்டைக் காட்டினேன். “ஜகலியா?” என்றார். உயரத்தைக் கேட்டார். அவரே நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகச் சுவரை அளந்தோம்.

கணக்கு இதுதான். சுவர் 60 அங்குலம். தாயாரின் கண்மட்டம் 54. மேடை 9 அங்குலம் இருந்தால் நின்றபடி பார்க்கும்போது கண் 63-க்கு வரும். சுவரை நோக்கிய வாட்டத்திற்குக் கழித்தாலும் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். முகம் பார்த்துப் பேச அது போதும். அம்மேடைமேல் 18 அங்குலத்தில் ஒரு கல் ஆசனம் போட்டு உட்கார்ந்தால், கண் சுவருக்குக் கீழே இறங்கிவிடும். அந்தப் பக்கத்துப் பெண்கள் தம் வேலையைப் பார்க்கலாம். உட்கார்ந்தால் அவரவர் வீடு. எழுந்து நின்றால் அண்டை வீடு. என்னைப்போன்ற உயரக்காரர்கள் அந்த மூலையில் நிற்காமலிருப்பது என்று வாய்வழி ஒப்பந்தம். சுவரை உயர்த்தும் யோசனையை நான் அங்கே எடுக்கவேயில்லை.

கட்ட எண்ணும் அன்பர்களுக்காக மற்ற விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். மேடை பத்தடி நீளம், ஏழடி அகலம். வீட்டுச் சுவருக்கும் மேடைக்கும் இடையில் இரண்டு அங்குலம் சந்து விட்டுச் சரளைக்கல் நிரப்ப வேண்டும். ஒட்டிக் கட்டினால் மேடையின் ஈரம் சுவரில் ஏறும். மேடை, வீட்டுத் தளத்துக்குக் கீழேயுள்ள ஈரத்தடுப்புப் பூச்சைத் தாண்டலாகாது; நமது ஆசனம் தாண்டுவதால் அதுவும் சுவரைத் தொடாமல் தனியே நிற்கும். கதவிலிருந்து மேடைக்கு 15 அங்குலம். அதை ஐந்தைந்து அங்குலமாக மூன்று படி. மேடையிலிருந்து தரைக்கு நாலரை அங்குலத்தில் இரண்டு படி. படி பன்னிரண்டு அங்குலமாவது அகலம் இருக்கவேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு குழாய். முழங்கால் வலி உள்ளவருக்குப் படியின் எண்ணிக்கையைவிட உயரம்தான் துன்பம் தரும். தெற்குப் பக்கத்திலுள்ள சாக்கடைச் சேம்பர் மூடிகள் இரண்டும் மேடைக்கு வெளியே இருக்கின்றன. ஒரு கொத்தனார், அவற்றையும் மூடித் தளம் போட்டுவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார். அடைத்துக்கொண்டால் எதைத் தோண்டுவது என்று கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவரை விட்டுவிட்டேன். அடியில் மூன்று குட்டைச் சுவர்கள். அவற்றின்மேல் சப்படிக் கற்கள். மூன்று சுவரிலும் நீர் புகுந்து போக வழி வைத்தாயிற்று. மேடைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஓரடிக்குச் சற்று மேல் இடம் உண்டு, அதில் வாய்க்கால். தெற்கிலிருந்து வரும் மழைநீர் தன் பழைய வழியிலேயே வடக்கே போகும்.

பின்வீட்டு அம்மையார் ஒரு திருத்தம் சொன்னார். ஆசனத்தை வீட்டுச் சுவரோரம் நடுவில் வைக்காமல் வடக்கு ஓரமாக நகர்த்தினால், அவர் துவைக்கும் கல்லுக்கு நேராக வரும்; குரலை உயர்த்தாமல் பேசலாம் என்றார். திட்டத்தில் அதைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். தாயார் இம்முறை தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துத் தெரியாது; கோடுகளைப் பார்த்தார். “கட்டிலை என்ன பண்ணுவே?” என்று கேட்டார். அதையும் அங்கேயே போடலாம் என்றேன்.

கற்கள் தை பிறந்ததும் வரும் என்று ஆனேக்கல் சாலையிலுள்ள கல்வியாபாரி சொல்லியிருக்கிறார். சேலைத் திரையை எடுத்துவிட்டார்கள். மூலையில் கம்பும் கயிறும் இப்போது 9 அங்குல உயரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் கட்டில் கிடக்கிறது.